இதயத்தில்தானே ஆபரேஷன்... நுரையீரலுக்கு எதற்குப் பயிற்சி?

பைபாஸ் சர்ஜரி முடிந்து ஐ.சி.யூ-வில் கண் விழித்தவரிடம், மறுநாள் காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்பார். கையில் மூன்று பந்துகள் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். ``எங்க, நல்லா மூச்சை இழுங்க பார்ப்போம்... அப்படியே ஒரு தடவை இருமுங்க'' என்பார். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டி இன்னும் 24 மணி நேரம்கூட ஆகியிருக்காது. `இந்த நேரத்துல இருமச் சொல்றாரே, மனசாட்சியே இல்லையா?' என்றுதான் படுத்திருப்பவருக்குத் தோன்றும். வெளியே காத்திருக்கும் மனைவிக்குத் தெரிந்தால் கோபமே வரும்.

ஆனால், அந்தப் பத்து நிமிடத்தை அலட்சியம் செய்தால் அதற்கான விலை பெரியது. இதயத்தில் புதிதாக இணைத்த ரத்தக்குழாய் அருமையாக வேலை செய்துகொண்டிருக்கும்; நுரையீரல் சுணங்கிவிட்டதால் காய்ச்சல், சளி, மறுபடியும் ஆக்சிஜன், சிலருக்கு மறுபடியும் வென்டிலேட்டர் என்று நாள்கள் நீண்டுகொண்டே போகும். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் சிக்கல்களில் நுரையீரல் சம்பந்தப்பட்டவை முன்வரிசையில் இருப்பவை. இதைத் தடுக்கிற வேலையில் பாதி டாக்டரிடம் இல்லை. நோயாளியிடமும், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரிடமும் இருக்கிறது. நம் வீடுகளில் கோட்டைவிடுவது அந்தப் பாதியைத்தான்... அதுவும் பாசத்தால்!

பெருமூச்சு நின்றுபோனால்...

பெருமூச்சு என்றாலே கவலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது நுரையீரலின் பராமரிப்பு வேலை. கவலையே இல்லாத மனிதரும் ஒரு மணி நேரத்தில் பல தடவை, தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுத்துவிடுகிறார். தூக்கத்திலும்கூட இது நடக்கும். காரணம், நம் நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் இழுப்பது சுமார் அரை லிட்டர் காற்று. அது எல்லா அறைகளையும் விரியவைக்கப் போதாது. அடிப்பகுதியில் இருக்கும் அறைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, சுவரோடு சுவர் ஒட்ட ஆரம்பிக்கும். அவ்வப்போது வரும் பெருமூச்சு அவற்றை மறுபடியும் திறந்துவிடுகிறது.

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இந்தப் பெருமூச்சுதான் முதலில் நின்றுபோகிறது. கொஞ்சம் ஆழமாக இழுத்தாலே சுரீர் என்று வலிக்கும். உடம்பு புத்திசாலி. வலிக்காத அளவுக்கு மட்டும், மேலோட்டமாக, வேக வேகமாக மூச்சுவிடப் பழகிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு, `அப்பா நிம்மதியா தூங்குறாரு' என்று தோன்றும். உள்ளே நுரையீரலின் அடிப்பகுதி கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். நுரையீரலின் ஒரு பகுதி இப்படிச் சுருங்கிக்கொள்வதை `அட்டலெக்டாசிஸ்' என்கிறார்கள் டாக்டர்கள். பைபாஸுக்குப் பிறகு ஓரளவு அட்டலெக்டாசிஸ் பெரும்பாலானவர்களுக்கு வருகிறது. இடது நுரையீரலின் அடிப்பகுதிதான் அதிகம் பாதிக்கப்படும் இடம். தானாகச் சரியாகிற அளவில் அது நின்றுவிட்டால் பிரச்னை இல்லை. சுருங்கிய இடத்தில் சளி தேங்கி, கிருமி குடியேறினால்தான் நிமோனியா.

ஆபரேஷன் மேஜையிலேயே தொடங்குகிற பிரச்னை

வலி மட்டுமே காரணம் இல்லை. இதயத்தை நிறுத்திவைத்துச் செய்யும் ஆபரேஷனில், ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் வேலையை `ஹார்ட்-லங் மெஷின்' எடுத்துக்கொள்கிறது. 1953-ம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் என்ற சர்ஜன், இந்த மெஷினின் உதவியோடு முதன்முதலாக வெற்றிகரமாக இதய ஆபரேஷன் செய்தார். மெஷின் ஓடுகிற நேரத்தில் நுரையீரலுக்கு வேலை இல்லை. காற்றுப்போன பலூன் மாதிரி அது கிடக்கும். பிறகு காற்றைச் செலுத்தி விரித்தாலும் எல்லா மூலையும் உடனே திறந்துகொள்வதில்லை. மயக்க மருந்து மூச்சுத் தசைகளைத் தளர்த்துகிறது. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளிக்கொண்டுவரும் மயிரிழைகளின் வேலையையும் மந்தமாக்குகிறது. மல்லாந்து படுத்தே இருப்பதால் வயிற்றிலிருக்கும் உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளும். நெஞ்சின் உட்புறமாக ஓடும் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் இணைக்கும்போது, இடது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையையும் பல நேரம் திறக்கவேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, நீர் வடிய வைத்திருக்கும் ட்ரெயின் டியூப் ஒவ்வொரு மூச்சுக்கும் உறுத்தும்.

`எங்க அப்பாவுக்கு மெஷின் இல்லாம, இதயம் துடிச்சுட்டு இருக்கும்போதே பண்ணிட்டாங்களே' என்று சிலர் கேட்பதுண்டு. அங்கேயும் பெரும்பாலும் நெஞ்செலும்பைப் பிளந்துதான் செய்கிறார்கள். எனவே, மூச்சுப்பயிற்சியில் இருந்து விலக்கு கிடையாது. வால்வு மாற்றும் ஆபரேஷனுக்கும் இதே கதைதான்.

இந்தியாவில் முதல் வெற்றிகரமான பைபாஸ் நடந்தது நம் சென்னையில், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், 1975-ம் ஆண்டு. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். இன்று மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் பைபாஸ் நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த சிகிச்சை உண்டு. ஆபரேஷன் இந்த அளவுக்குப் பரவிவிட்டது. அதற்குப் பிந்தைய மூச்சுப் பராமரிப்பு பற்றிய பேச்சு இன்னும் ஐ.சி.யூ வாசலைத் தாண்டவில்லை.

`இருமாதீங்க... தையல் பிரிஞ்சிடும்!'

பைபாஸ் வார்டில் அதிகம் கேட்கும் வசனம் இதுவாகத்தான் இருக்கும். சொல்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். அந்தப் பயம் புரிந்துகொள்ள முடியாததல்ல. ஆனால், நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டியிருப்பது துணி தைக்கும் நூலால் அல்ல, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளால். சரியான முறையில் இருமினால் அது பிரிந்துவிடாது. எலும்பு விலகிப்போவது அரிது. சர்க்கரைநோய், உடல் பருமன், நாள்பட்ட நுரையீரல் நோய், புகைப்பழக்கம் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட அந்த ஆபத்து அதிகம். அவர்களும் இருமலை அடக்கிவைக்கக் கூடாது. தேங்கிய சளியால் நான்காம் நாள் அடக்கமுடியாத தொடர் இருமல் வந்தால், அதுதான் எலும்புக்கு நிஜமான சோதனை.

சரியான முறை எது? ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சின்னத் தலையணை அல்லது சுருட்டிய டவல் ஒன்றை நெஞ்சோடு வைத்து, இரண்டு கைகளாலும் குழந்தையை அணைப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஒரு நல்ல மூச்சை இழுத்து, பிறகு இருமவேண்டும். தலையணை நெஞ்செலும்பு அசையாமல் தாங்கிக்கொள்வதால் வலி பாதியாகத் தெரியும். தும்மல் வந்தாலும், சிரிப்பு வந்தாலும் இதேதான். பார்க்க வருகிற நண்பர்கள் ஜோக் அடித்தால் முதலில் தலையணையைத் தேடுங்கள்!

நேரடியாக இருமப் பயமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் அதன்மேல் `ஹா...' என்று ஆவி விடுவோம் இல்லையா? அதே மாதிரி வாயைத் திறந்து, தொண்டையை இறுக்காமல், கொஞ்சம் வேகமாக `ஹா' என்று காற்றை வெளியேற்றுவது. இதை `ஹஃப்' என்கிறார்கள். சிறிய மூச்சுக் குழாய்களில் இருக்கும் சளியை இது தொண்டைவரை கொண்டுவந்துவிடும். அங்கிருந்து ஒரே இருமலில் வெளியேற்றிவிடலாம். சாதாரண மூச்சு சில தடவை, ஆழ்ந்த மூச்சு மூன்று நான்கு தடவை, மறுபடி சாதாரண மூச்சு, பிறகு ஒன்றிரண்டு ஹஃப். இப்படிச் சுழற்சியாகச் செய்யச் சொல்லிக் கொடுப்பார்கள். இடையில் வரும் அந்தச் `சாதாரண மூச்சு' ஓய்வு நேரம். அதைத் தவிர்த்தால் தலைசுற்றும்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வலி மாத்திரை வேண்டாம் என்று மறுப்பது தைரியம் இல்லை. `மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர் ஆழமாக மூச்சுவிடமாட்டார், இருமமாட்டார், நடக்கமாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைச் சொன்ன நேரத்தில் சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்வதுதான் சரி. கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை வேறு கதை. அது கூடவே கூடாது.

மூன்று பந்து டப்பா விளையாட்டுப் பொருள் அல்ல

அதன் பெயர் ஸ்பைரோமீட்டர். எங்கள் பெரியப்பா பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் அது பேரன் கைக்குப் போய்விட்டது. பெரும்பாலான வீடுகளில் அதற்கு இதுதான் கதி. மீதி வீடுகளில் அதை `ஊதிக்கொண்டு' இருப்பார்கள். ஊதினால் பயனே இல்லை. அது உறிஞ்சுகிற கருவி. இளநீரை ஸ்ட்ரா போட்டுக் குடிப்பதுபோல உள்ளே இழுக்க வேண்டும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முடியாவிட்டால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள். டப்பாவைச் சாய்க்காமல் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு, குழாயை உதடுகளால் காற்றுப் புகாமல் கவ்விக்கொண்டு, மெதுவாக, நிதானமாக இழுங்கள். பந்து மேலே போனதும் இரண்டு மூன்று விநாடி அப்படியே நிறுத்தப் பாருங்கள். பிறகு குழாயை எடுத்துவிட்டு மெதுவாக மூச்சை விடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து மூச்சு. இதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பத்தையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். முடிந்ததும் தலையணையை அணைத்தபடி ஒரு இருமல்.

டப்பாவில் 600, 900, 1200 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விநாடிக்கு எத்தனை மில்லிலிட்டர் வேகத்தில் காற்று உள்ளே போகிறது என்பதன் கணக்கு அது. ஒரே இழுப்பில் மூன்று பந்தையும் `டப்'பென்று மேலே அடித்துவிட்டு, `பாத்தியா, மூணும் ஏறிடுச்சு' என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. அது வேகம். நமக்கு வேண்டியது நீளம். முதல் ஒன்றிரண்டு பந்துகளைச் சில விநாடிகள் மேலேயே நிறுத்திவைப்பதுதான் அடிப்பகுதி அறைகளைத் திறக்கும்.

இந்தக் கருவியை மந்திரக்கோலாகவும் நினைக்கவேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, பைபாஸ் நோயாளிகளிடம் ஸ்பைரோமீட்டரின் பலன் பற்றி 2012-ல் மறு ஆய்வு வெளியிட்டது. மற்ற மூச்சுப்பயிற்சி முறைகளைவிட இது கூடுதல் நன்மை தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. `அப்ப எதுக்கு வாங்கச் சொல்றாங்க?' என்றால், ஆழ்ந்த மூச்சு எடுக்கிறோமா இல்லையா என்பதைப் பந்து கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. கட்டில் பக்கத்தில் இருந்து ஞாபகமும் படுத்துகிறது. கருவி இல்லாமலே ஆழ்ந்த மூச்சு எடுப்பவருக்கு அது இல்லாவிட்டாலும் குறை இல்லை. ஸ்வீடனில் பைபாஸ் செய்துகொண்ட 90 பேரிடம் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில், முதல் நான்கு நாள்கள் பகல் முழுக்க மணிக்கு 30 ஆழ்ந்த மூச்சு எடுத்தவர்களின் நுரையீரலில், பயிற்சி செய்யாதவர்களைவிட சுருங்கிய பகுதி கிட்டத்தட்ட பாதிதான் இருந்தது. சி.டி ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்ன முடிவு இது. அவர்கள் பயன்படுத்தியது என்ன தெரியுமா? தண்ணீர் நிரப்பிய பாட்டிலும் ஒரு டியூபும்! ஆழமாக இழுத்த மூச்சை அந்தத் தண்ணீருக்குள் குமிழி வரும்படி விட்டார்கள். பார்த்துவிட்டு வீட்டில் நீங்களே செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். டியூபின் அளவும் தண்ணீரின் ஆழமும் கணக்குப்படி இருக்கவேண்டும்.

தூங்கவிடுங்கள்... ஆனால் படுத்தே இருக்கவிடாதீர்கள்

மூச்சுக்கான மிகச் சிறந்த பயிற்சி, மூச்சுப்பயிற்சியே அல்ல. எழுந்து உட்காருவதும் நடப்பதும்தான். உட்கார்ந்ததும் உதரவிதானம் கீழே இறங்க இடம் கிடைக்கிறது. நடந்ததும் உடம்பு தானாகவே பெரிய மூச்சு கேட்கிறது. அதனால்தான் சிக்கல் இல்லாதவர்களை முதல் நாளே கட்டில் ஓரத்திலோ நாற்காலியிலோ உட்காரவைக்கிறார்கள். இரண்டாம் நாள் வார்டுக்குள் சில அடி நடை. டிஸ்சார்ஜுக்கு முன் மாடிப்படி. நாள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

எழுப்பும்போதுதான் குடும்பத்தார் தவறு செய்கிறார்கள். ஒரு கையைப் பிடித்து இழுப்பது, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவது இரண்டுமே கூடாது. இரண்டு பக்கமும் சமமில்லாத இழுவிசை நேராக நெஞ்செலும்பில் போய் விழும். முழங்காலை மடக்கி, தலையணையை அணைத்துக்கொண்டு, உடம்பை மொத்தமாக ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, அந்த வேகத்திலேயே எழவேண்டும். உதவுகிறவர் முதுகுப்பக்கம் தோளுக்குப் பின்னால் கைவைத்துத் தாங்கினால் போதும்.

வீட்டுக்கு வந்தபிறகு தரையில் பாய் விரித்துப் படுப்பது, சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, இந்தியன் டாய்லெட் மூன்றையும் தள்ளிவையுங்கள். எழும்போது கை ஊன்ற வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடுகளில் நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி வாங்கிப் போடலாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் மூச்சோடு சம்பந்தப்பட்டதே. முக்கும்போது மூச்சை அடக்குகிறோம். நெஞ்சுக்கும் இதயத்துக்கும் அது தேவையில்லாத அழுத்தம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் டிஸ்சார்ஜ் தாளில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. மார்பகத்தின் எடை தையலை இரண்டு பக்கமும் இழுப்பதால், பெண்களுக்கு ஆழ்ந்த மூச்சும் இருமலும் கூடுதலாக வலிக்கும். முன்பக்கம் ஹூக் வைத்த, அழுத்தாமல் தாங்குகிற பிரா அணிந்தால் வலி குறையும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடாதீர்கள், நர்ஸிடம் கேளுங்கள். இன்னொன்று, ஆண்கள் மூன்று மாதம் `ரெஸ்ட்' எடுக்கும் அதே ஆபரேஷனுக்குப் பிறகு, பெண்கள் மூன்றாவது வாரத்தில் கிரைண்டர் கல்லைத் தூக்கப் போய்விடுகிறார்கள். நெஞ்செலும்பு கூடிவர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. நிறைந்த தண்ணீர்க்குடம் அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஓடிவந்து `பாட்டி தூக்கு' என்கிற பேரக்குழந்தையை, உட்கார்ந்த பிறகு மடியில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள்.

நடையை ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறாவது வாரத்தில் அரை மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. சாப்பிட்ட உடனே வேண்டாம். நம் ஊர் வெயிலில் வேண்டவே வேண்டாம். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் டூவீலர் ஓட்டுவதும் சர்ஜன் சரி என்று சொல்லும்வரை கிடையாது.

பலூன், சங்கு, கபாலபாதி, ஆவி...

`தினமும் பத்து பலூன் ஊதுங்க, நுரையீரல் விரியும்' என்ற அறிவுரை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பலூன் ஊதுவது மூச்சை அழுத்தி வெளியே தள்ளுகிற வேலை. பிசியோதெரபிஸ்ட் யாருக்காவது காரணத்தோடு சொல்லியிருந்தால் செய்யலாம். அவர் சொல்லாமல் முகம் சிவக்க ஊதுவது, புதிதாக ஆபரேஷன் செய்த நெஞ்சுக்கு நல்லதல்ல. சங்கு ஊதுவதும் அப்படித்தான். பிராணாயாமம் ஏற்கெனவே செய்துவந்தவர்கள், நிதானமான ஆழ்ந்த மூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேக வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை நீண்டநேரம் அடக்கும் கும்பகம் எல்லாம் டாக்டர் அனுமதிக்கும்வரை வேண்டாம்.

`தயிர் கொடுக்காதே, சளி கட்டும்', `வாழைப்பழம் வேண்டாம்' என்ற பத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற சளி குளிர்ச்சியான சாப்பாட்டால் வருவதல்ல. மயக்க மருந்து, தொண்டைக்குள் போட்டிருந்த டியூப், ஆழமில்லாத மூச்சு இவைதான் காரணம். புண் ஆற நல்ல புரதம் தேவைப்படும் நேரத்தில் ரசம் சாதத்தோடு நிறுத்துவது நியாயமில்லை. ஆவி பிடிப்பதற்கும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பலவீனமான ஆள் கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து உட்காருவதில் சுடுதண்ணீர் கொட்டும் ஆபத்துதான் பெரியது. முதுகில் தட்டிச் சளி எடுப்பதை நீங்களாகச் செய்யவே கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தைய அந்த இரண்டு வாரம்

எனக்குத் தெரிந்து நம் ஊரில் அதிகம் வீணாகிற காலம் இதுதான். ஆஞ்சியோகிராம் பார்த்து, `மூணு இடத்துல அடைப்பு, பைபாஸ் பண்ணிடலாம்' என்று சொன்ன நாளில் இருந்து ஆபரேஷன் தேதி வரை, அவசர கேஸ் இல்லையென்றால் ஒன்றிரண்டு வாரம் ஓடும். காப்பீட்டு அனுமதி, பணம் புரட்டுவது, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது, நல்ல நாள் பார்ப்பது என்று குடும்பமே அலைந்துகொண்டிருக்கும். நோயாளி மட்டும் வீட்டில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

நெதர்லாந்தில், பைபாஸுக்குக் காத்திருந்தவர்களில் நுரையீரல் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்த 279 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழு, குறைந்தது இரண்டு வாரம், தினமும் 20 நிமிடம், மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்கு ஒரு சின்னக் கருவி மூலம் பயிற்சி எடுத்தது. 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் வெளியான முடிவு இது: வழக்கமான கவனிப்பில் 35 சதவிகிதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது, பயிற்சி எடுத்தவர்களில் 18 சதவிகிதம் பேருக்குத்தான். நிமோனியா 16 சதவிகிதத்தில் இருந்து 6.5 சதவிகிதமாகக் குறைந்திருந்தது.

கருவி வாங்க வசதி இல்லாவிட்டாலும் கேட்டுக்கொள்ளக் காது போதும். மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் போகிற 441 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து `கண் விழித்ததும் இப்படி மூச்சு விடணும், ஏன்னா இதுதான் காரணம்' என்று சொல்லிக் கொடுத்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல் பாதியாகக் குறைந்தது. அது இதய ஆபரேஷன் இல்லைதான். ஆனால், மயக்கம் தெளிந்து வலியில் கிடப்பவருக்குப் புதிதாகப் பாடம் நடத்துவதைவிட, தெளிவாக இருக்கும்போது சொல்லிக் கொடுப்பது எடுபடும் என்பது யாருக்கும் புரியும். ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போதே, `பிசியோதெரபிஸ்ட்டை முன்னாடியே ஒரு தடவை பார்க்கலாமா?' என்று கேளுங்கள். நெஞ்சுவலி அடிக்கடி வருகிற நிலையில் இருப்பவர்கள், கருவிப் பயிற்சியை இதய டாக்டர் அனுமதித்தால் மட்டுமே செய்யவேண்டும்.

சிகரெட், பீடி பிடிப்பவர்கள் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தினால் நுரையீரலுக்கு நிறைய லாபம். வருடக்கணக்காக விறகு அடுப்புப் புகையில் சமைத்த பெண்கள், `எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை' என்று சொல்வதோடு நிறுத்தாமல் அடுப்பைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லவேண்டும். அவர்களின் நுரையீரலும் புகைபட்ட நுரையீரல்தான்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளி, நேற்று முடிந்த நடைக்கு இன்று மூச்சிரைப்பது, படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால் சரியாவது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது, காயத்தில் நீர் வடிவது, அசையும்போது நெஞ்செலும்பில் `க்ளிக்' என்று சத்தம், ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் வலியோடு வீக்கம்... இவற்றில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் என்றால் யோசிக்காமல் 108.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துவையுங்கள். ஓய்வாக இருக்கும்போதும் 94-க்குக் கீழேயே நின்றால் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். 90-ஐ நெருங்கினால் நேராக ஆஸ்பத்திரி. நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் மாறும் என்பதால், `என் அளவு என்ன?' என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெயில் பாலிஷ் இருக்கும் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு பிசியோதெரபிஸ்ட்டைத் தனியாக வரவழைக்க வசதி இல்லாதவர்கள், தமிழக அரசு 2021-ல் தொடங்கிய `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய் விசாரிக்கலாம்.

ஸ்பைரோமீட்டர் பயிற்சியை எத்தனை நாள் தொடர்வது என்பதை முதல் செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள். சில வாரங்கள்வரை தொடரச் சொல்வது வழக்கம். அதுவரை வாயில் வைக்கும் பகுதியைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பயிற்சி முடிந்ததும் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த தெருவில் யாருக்காவது பைபாஸ் என்று கேள்விப்பட்டு, `இந்தாங்க, புதுசு மாதிரியே இருக்கு' என்று கொண்டுபோய்க் கொடுக்கவேண்டாம். சில நூறு ரூபாய்தான். அவர் புதிதாகவே வாங்கிக்கொள்ளட்டும்.